பேசவிடாமல் செய்தது நான்தான்

சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்க, வகுப்பறையிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசி வந்தேன். இந்த நாட்டுக்கு மிலிட்டரி ஆட்சிதான் சரி. ஒரு அஞ்சு வருஷம் அவங்ககிட்ட விட்டுப் பாருங்க, எல்லாம் தானா ஒழுங்குக்கு வரும். வெறும் வாய்ப்பேச்சாக இல்லை, நம்பித்தான் சொன்னேன். ராணுவ ஆட்சியில் வாழ்ந்து, அதில் சேர்த்ததை எல்லாம் பறிகொடுத்து வந்த ஒரு மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். அவர் பதில் பேச வந்தபோதெல்லாம் வாயை அடைத்தேன். அவர் என் அப்பாவுடன் பிறந்த அண்ணன், எனக்குப் பெரியப்பா.

எங்கள் செம்மங்குப்பம், கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் வழியில் இருக்கிறது. சிப்காட் வருவதற்கு முன் இந்தப் பக்கம் மல்லாட்டையும் சவுக்கும் முந்திரியும்தான். பழைய தென்னார்க்காட்டிலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள் ஏராளம். மேஸ்திரி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். சென்னையில் கப்பல் ஏறினால் ரங்கூன். நெல் அறுக்க, அரிசி ஆலையில் மூட்டை தூக்க, துறைமுகத்தில் சரக்கு இறக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சம் பேர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே. பெரியப்பா யுத்தத்துக்கு முன்னால், மீசை அரும்பும் வயதில் போனவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டுவழியே நடந்து இந்தியா வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். பெரியப்பா நடக்கவில்லை. பெகு நகரத்திலேயே ஒட்டிக்கொண்டு, யுத்தம் முடிந்த பிறகு சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். எனக்கு அக்கா முறையாகும் மகள் அங்கே பிறந்தாள்.

1965இல் மூன்று பேரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ஊரில் அவரைப் பர்மாக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் கூலி வேலை, பிறகு பெட்டிக்கடை. வந்தவர்களுக்குக் கடன் கொடுக்கவென்று 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கினார்கள். சென்னைக் கடற்கரை ஓரத்தில் பர்மா பஜார் உருவானதும் அந்தக் காலத்தில்தான். தமிழ்நாட்டுக்கு அப்படி வந்தவர்கள் 1,44,000க்கும் மேல் என்பது அரசாங்கக் கணக்கு. அதில் ஒருவர் எனக்குச் சோறு ஊட்டியவர். வரலாறு படித்து, அதையே தொழிலாகக் கொண்ட நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் ஆள் இருந்தார்கள், ஆசிரியர்கள் மணி அடிக்கும் முன்பே பள்ளியில் நின்றார்கள். 1976 ஜனவரி 31 அன்று மாநில ஆட்சியைக் கலைத்ததையும், மிசாவில் ஆட்களைப் பிடித்து உள்ளே தள்ளியதையும், பத்திரிகைகள் தணிக்கைக்குப் போய்விட்டு வந்ததையும் நான் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, ஒழுங்கு வேண்டுமென்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கிருந்து மிலிட்டரி ஆட்சிக்குப் போக எனக்கு அதிக தூரம் இருக்கவில்லை.

வகுப்பில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய குற்றம். அண்டை நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் 1958 அக்டோபரைச் சொல்வேன். அந்த ஒரே மாதத்தில் பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். பர்மாவில் பிரதமர் ஊ நூ, தன் கட்சி இரண்டாக உடைந்துபோனதால், தளபதி நே வின் கையில் காபந்து அரசாங்கத்தைக் கொடுத்தார். நே வின் என்ன செய்தார் என்று சுவையாக விவரிப்பேன். ரங்கூன் தெருக்களில் மலைபோல் கிடந்த குப்பையை அள்ளினார்கள். குடிசைகளில் இருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒக்கலாபா, தாக்கேட்டா என்று புதிதாகப் போட்ட புறநகர்களுக்குக் கொண்டுபோனார்கள். விலைவாசி இறங்கியது. கொள்ளைக்காரர் பயம் குறைந்தது. 1960இல் தேர்தல் நடத்தி, ஜெயித்த ஊ நூவிடமே ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பார்த்தீங்களா, சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினாங்க என்பேன். பிள்ளைகள் ஆவென்று கேட்பார்கள்.

அங்கே பாடத்தை நிறுத்திவிடுவேன். இரண்டு வருஷம் கழித்து அதே நே வின் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். பட்டம் வாங்கும்போதே படித்ததுதான். பாகிஸ்தானில் அணை கட்டியதையும் இஸ்லாமாபாத் கட்டியதையும் சொல்வேன், 1971இல் கிழக்கு வங்காளத்தில் அந்த ராணுவம் செய்ததைச் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்த தப்பு என்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை. என் பேச்சுக்கு எது தோதாக இருந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். வாத்தியார் சொன்னால் அது உண்மை என்று எழுதிக்கொண்டவர்கள்.

1988 ஆகஸ்ட். பெரியப்பா சாயங்காலம் ஆனால் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். தமிழோசை முடிந்ததும் பிபிசியின் பர்மிய ஒலிபரப்பைத் தேடுவார். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் எங்களுக்குப் புரியாத மொழியில் யாரோ பேசுவார்கள். அவர் உதடு கூடவே அசையும். ரங்கூனில் மாணவர்கள் தெருவுக்கு வந்தது, புத்த பிக்குகள் வந்தது, துப்பாக்கிச் சூடு என்று எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். செப்டம்பர் 18 அன்று ராணுவம் மறுபடி நேராக ஆட்சியைப் பிடித்த செய்தி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவன் அதைப் பார்த்தேன்.

"உங்கள விரட்டின ஊருக்கு எதுக்கு பெரிப்பா அழுவுறீங்க?"

"அதில்லடா தம்பி. ஒண்ணு சொல்றேன் கேளு. அம்பத்தெட்டுல மொத மொத மிலிட்டரி வந்தப்ப நாங்க..."

நான் முடிக்க விடவில்லை. "கடை போன ஆத்திரத்துல பேசுறீங்க. அந்த மிலிட்டரி வேற, நம்ம மிலிட்டரி வேற" என்றேன். பக்கத்தில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். படித்தவன், வாத்தியார், நான் சொன்னதற்கு அவர்கள் தலையாட்டினார்கள். பெரியப்பா டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் பர்மாவைப் பற்றி அவர் எதுவும் பேசியதில்லை. சில வருஷங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். எங்கள் பக்கம் ஒரு கட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி ஆனது. ஒரு ஆலையின் கழிவுதான் காரணம் என்பது எங்கள் புகார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். ஒன்றும் நடக்காததால் சாலை மறியலில் உட்கார்ந்தோம். போலீஸ் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது. மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வீடு வந்து குளித்துவிட்டு டீக்கடைக்குப் போனவன், இந்த அதிகாரிங்களுக்கெல்லாம் மிலிட்டரிதான் லாயக்கு என்று பேசினேன். நான் வகுப்பில் புகழ்ந்த நே வின் மறுபடி ஆட்சிக்கு வந்தபின், 1962 ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடியபோது ராணுவம் சுட்டது. 15 பேர் இறந்ததாக அரசாங்கமே ஒப்புக்கொண்டது. நூற்றுக்கும் மேல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அன்றைக்கு மறியலில் உட்கார்ந்த நான் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன் என்றால் அது எதனால் என்று எனக்கு அந்த டீக்கடையில் தோன்றவே இல்லை.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஊர் ஊராகக் கரன்ட் கம்பம் விழுந்து கிடந்தது; இருட்டில் கிடந்தோம். ஓய்வு பெற்ற பிறகும், மிலிட்டரிதான் வேண்டும் என்று அப்போதும் அதே பேச்சுதான் பேசினேன்.

2021 பிப்ரவரி 1 அன்று, மியான்மர் என்று பெயர் மாறிவிட்ட பர்மாவில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. முந்தின நவம்பரில் நடந்த தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவாரியாக ஜெயித்திருந்தது. அந்த ராத்திரிகளில் ரங்கூன் மக்கள் மாடியில் நின்று பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் எழுப்புவதை டிவியில் காட்டினார்கள். டீக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன், இப்போது பிள்ளை குட்டிக்காரன், "நம்ம நாட்டுக்கும் இதான் சரி. எங்க சார் அப்பவே சொல்லுவாரு" என்று என்னைக் காட்டினான். நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மரியாதையோடுதான் சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவிடம் 1988இல் பெரியப்பா சொல்ல வந்தது என்னவென்று கேட்டேன். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"மாலை போட்டதத்தான் சொல்ல வந்திருப்பாரு. மொத தடவை மிலிட்டரி வந்தப்ப பெகு மார்க்கெட்ட சுத்தம் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி ராத்திரியில கொள்ளைக்காரன் பயம், கடைய பூட்டிட்டு உள்ளயே படுப்பாரு. அது நின்னுச்சு. அப்பாவும் கடைக்காரங்களும் பணம் போட்டு மாலை வாங்கி, அந்த ஆபீசர் கழுத்துல போட்டாங்க. நான் சின்னப்புள்ள, கூட நின்னேன். கை தட்டினோம்."

பிறகு 1962 மார்ச் 2. விடியற்காலையில் ஊ நூவையும் மந்திரிகளையும் தலைமை நீதிபதியையும் பிடித்தார்கள். பார்லிமென்டைக் கலைத்தார்கள். பாங்குகள் 1963 பிப்ரவரியில் அரசுடைமை ஆயின. 1964 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடைகளின் முறை வந்தது. அக்கா அதையும் பார்த்திருக்கிறாள். ஒரு ஆபீசர், இரண்டு சிப்பாய்கள், ஒரு கணக்குப்பிள்ளை. சாவியை வாங்கிக்கொண்டு பருப்பு, எண்ணெய், உப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினார்கள். கல்லாவில் இருந்த சில்லறையைக்கூட எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் மக்கள் கடை என்று நம்பர் போட்ட பலகை தொங்கியது. கொஞ்ச நாளில் அந்தக் கடையில் விற்க ஒன்றும் இருக்கவில்லை. மக்கள் ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடை போனாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கிறது, கப்பலுக்கு ஆகும் என்று நினைத்திருந்தார் பெரியப்பா. அதையும் கொண்டுபோய்க் கட்டினார். அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ரசீதை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலக் காகிதம். வட்ட வட்டமான பர்மிய எழுத்து, ஊதா நிற ரப்பர் முத்திரை, நடுவில் மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து பின்பக்கம் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. தொகையை எழுதிய மை பழுப்பேறிப் பாதி படிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பெட்டி என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"கடை போனதுக்கு அப்பா ஒரு நாளும் அழுவல தம்பி. செட்டியாருங்க கிட்ட நெலம் சேர்ந்துச்சு, கடையெல்லாம் நம்மாளுங்க கையில இருந்துச்சு, பர்மாக்காரனுக்குக் கோவம் வராதான்னுதான் கேப்பாரு. மாலை போட்டது மட்டும் அவர உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீ வாத்தியாரு, சொன்னா எழுதி வெப்பேன்னு பார்த்தாரு. நீ எங்க கேட்ட?"

அக்கா சொன்னதில் கோபமில்லை. அதனால் எனக்குத் தாங்கவில்லை. அவர் தன் தப்பை என்னிடம் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறார். அவர் செய்த தப்பைத்தான் நான் அறுபது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. அவர் காதால் கேட்ட பேச்சு, பார்த்த முகம், பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்ற கதை எல்லாம் அவரோடு போய்விட்டன. அக்கா அப்போது சிறுமி. அவளிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

அந்த மாணவனை மறுபடி பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம மிலிட்டரி அப்படி இல்லையே சார்" என்றான். நான் பெரியப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை.

நம் சிப்பாய்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வெள்ளத்திலும் சுனாமியிலும் அவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் இங்கே அவர்கள் முகாமிலேயே இருப்பதற்கு நம் ரத்தம் காரணமில்லை என்று அவனுக்கு விளக்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் முப்படைக்கும் மேலே இருந்த தலைமைத் தளபதி இருந்த மாளிகை தீன்மூர்த்தி பவன். சுதந்திரத்துக்குப் பிறகு அதில் பிரதமர் நேரு குடிபோனார். சுதந்திரத்தோடு முப்படைக்கும் மேலான அந்தப் பதவி போய், தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சமமான மூன்று தளபதிகள் ஆனார்கள்; 1955இல் தலைமைத் தளபதி என்ற பட்டமே எடுக்கப்பட்டது. ஊருக்கு ஊர் கிளை வைத்த கட்சி இருந்தது. குறித்த காலத்தில் தேர்தல் நடந்தது. இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு. பர்மாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முன்பு, 1947 ஜூலை 19 அன்று, ஆங் சானையும் கூட இருந்த மந்திரிகளையும் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 32. 1948 ஜனவரி 4 அன்று விடுதலை. அந்த வருஷமே கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள், அடுத்த வருஷம் கரேன் மக்கள். சண்டை போடப் போட ராணுவம் பெருத்தது. சிப்பாய்களுக்குச் சாமான் விற்கவென்று 1951இல் தொடங்கிய ராணுவத்தின் நிறுவனம், 1960க்குள் பாங்கும் கப்பலும் வைத்து, நாட்டிலேயே பெரிய வியாபாரியாகிவிட்டது. நம் கடலுக்கு எதிரே, பர்மாவுக்கு ஒரு மாதம் பிந்தி விடுதலை பெற்ற இலங்கையில்கூட 1962 ஜனவரியில் போலீஸ், ராணுவ மேலதிகாரிகள் சேர்ந்து ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். கடைசி நேரத்தில் விஷயம் வெளியே வந்ததால்தான் அது நடக்கவில்லை.

அவன் கேட்டான்: "இத்தனையும் தெரிஞ்சவரு அப்ப ஏன் சார் எங்களுக்குச் சொல்லல?"

"தெரிஞ்சே மறைச்சேம்பா" என்றேன்.

என்னிடம் படித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். 1960 தேர்தலோடு நான் நிறுத்திய பாடத்தின் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் 1988 வரை விடவில்லை. தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. 1966இல் இந்திய மொழி, சீன மொழி நாளிதழ்கள் நிறுத்தப்பட்டன. 1982இல் வந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்களையும் இரண்டாம் தரக் குடிமக்கள் ஆக்கியது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. இந்த முறை மாற்றித் தரவும் இல்லை. யுத்தத்துக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாட்டை அந்த டிசம்பரில் ஐ.நா. மிக ஏழை நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. 1990 தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு ஆட்சியைக் கொடுக்கவில்லை. 2008 அரசியல் சட்டத்தில் பார்லிமென்டில் நாலில் ஒரு பங்கு இடத்தை ராணுவம் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டது. அதுவும் போதாமல் 2021. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: 18 முதல் 35 வயது வரை ஆண்கள், 18 முதல் 27 வரை பெண்கள். பெகுவில் பெரியம்மா வழிச் சொந்தம் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு பையன், அக்காவுக்குப் பேரன் முறை, பட்டியலில் பெயர் வருவதற்கு முன்பே தாய்லாந்துக்கு ஓடிவிட்டான். போன் கிடைக்கும்போது அக்காவிடம் பேசுகிறான்.